நாலு சுவருக்குள் நல்ல காற்று

நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு மாத்திரையும் இன்ஹேலரும் தவறாமல் வாங்கித் தரும் குடும்பங்கள், வீட்டுக்குள் எழும் புகையைக் கவனிப்பதில்லை. காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தை விலை பேசுவதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பணமே தேவையில்லை.

நவம்பர் பிறந்துவிட்டால் தில்லி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவுகள் நிரம்பத் தொடங்கிவிடும். பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரியும் வைக்கோலின் புகை, வாகனங்கள் கக்கும் கரி, கட்டட வேலைகளின் தூசி எல்லாம் குளிர்ந்த காற்றில் மேலே எழ வழியின்றித் தரையோடு தங்கிவிடும். காற்றுத் தரக் குறியீட்டெண் 400ஐத் தாண்டிவிட்டது என்று தொலைக்காட்சி அறிவிக்கும். மூச்சிரைப்பு நோயாளி உள்ள வீட்டில் உடனே நடக்கும் காரியம் ஜன்னல்களை இழுத்துச் சாத்துவதுதான். வெளியே விஷம், உள்ளே பத்திரம் என்ற நம்பிக்கை.

அடைத்த அந்த வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க நடப்பதைப் பட்டியல் போட்டால் நம்பிக்கை ஆட்டம் காணும். காலையில் பூஜை மாடத்தில் ஊதுபத்தியும் தூபமும். அடுத்து சமையலறையில் காய்ந்த எண்ணெயில் மிளகாய் வெடிக்கும் நெடி. பத்து மணிக்கு விளக்குமாறு கிளப்பும் தூசி. பிற்பகலில் கழிவறையைக் கழுவிய ஆசிட் வாசனை. மாலையில் வராந்தாவில் மகனோ மருமகனோ பற்றவைக்கும் சிகரெட். இரவு கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள். இத்தனையும் சேர்ந்து வெளியேறும் வழியின்றி, மூலை அறையில் படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சுக்குள் போகின்றன. மனிதன் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்று 10,000 லிட்டருக்கு மேல். வெளியே நடமாட முடியாத நோயாளிக்கு அதில் பெரும்பகுதி வீட்டுக் காற்றுதான்.

கூடிக்கொண்டே போகும் கணக்கு

டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடும் நாள்பட்ட சுவாச அடைப்பு நோய், ஆஸ்துமாவின் அண்ணன் போலத் தோன்றினாலும் குணத்தில் வேறு. ஆஸ்துமாவில் சுருங்கிய மூச்சுக்குழல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். சி.ஓ.பி.டி.யில் ஏற்பட்ட சேதம் திரும்புவதில்லை. மூச்சுக்குழல்கள் தடித்து, சளி கட்டி, காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் சிக்கிக்கொள்கிறது. நோயாளி வழக்கமாக ஓரளவு சமாளித்துக்கொண்டிருப்பார். திடீரென்று ஒரு நாள் இருமலும் இரைப்பும் கூடி மூச்சு முட்டும். இப்படிப்பட்ட ஒவ்வொரு தாக்குதலும் நுரையீரலில் மிச்சமிருக்கும் திறனிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். கிருமித் தொற்றுக்கு அடுத்தபடியாக இந்தத் தாக்குதல்களைத் தூண்டிவிடுவது அசுத்தமான காற்று. வீட்டுக் காற்றைச் சீர்செய்வது வெறும் சௌகரியத்துக்காக அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் இந்த நோயின் பரவலை மாநிலவாரியாக ஆராய்ந்து, 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான கணக்குப்படி, 1990இல் சுமார் 2.8 கோடியாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2016இல் 5.5 கோடியாகிவிட்டது. மக்கள்தொகை கூடியதும், முதியோர் பெருகியதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு கணக்குதான் யோசிக்க வைப்பது. இந்த நோயால் நாடு இழக்கும் ஆரோக்கிய வாழ்நாளில் 53.7 சதவீதத்துக்குக் காற்று மாசே காரணம். புகையிலையின் பங்கு 25.4 சதவீதம்தான். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இந்த நோய் வருவதன் ரகசியம் இங்கே இருக்கிறது.

இது தில்லி டாக்டர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ரகசியம்தான். பர்மாவில் பிறந்த தமிழரான டாக்டர் எஸ். பத்மாவதி, நாட்டின் முதல் பெண் இதயநோய் நிபுணர் என்று பெயர்பெற்றவர். நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிச் செயலிழக்கும் நோயைப் பற்றி அவரும் சக மருத்துவர் ஒருவரும் தில்லி நோயாளிகள் 127 பேரை ஆராய்ந்து 1959இல் எழுதினார்கள். புகைபிடிக்கும் ஆண்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட நோய், புகைபிடிக்காத பெண்களிடமும் தாராளமாகக் காணப்பட்டது. சந்தேகம் அடுப்பின் மீது விழுந்தது. தமது 103ஆவது வயதில், 2020இல் மறைந்த பத்மாவதி, அந்த அடுப்புகள் முழுதாக அணைந்ததைப் பார்க்கவில்லை.

அடுப்புப் புகையை முதலில் கருவி கொண்டு அளந்தவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடையிலேயே கருவியைப் பொருத்தி அவரது குழு எடுத்த கணக்கு அதிர்ச்சியூட்டியது. பெரிதும் சிறிதுமாக எல்லாத் துகள்களும் சேர்த்து, கன மீட்டர் காற்றில் சராசரியாகச் சுமார் 7,000 மைக்ரோகிராம்.

முதல் வேலை அடுப்படியில்

இந்தியா இந்த விஷயத்தில் நகர்ந்திருக்கிறது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டம், கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு தந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, புகையில்லாத எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 58.6 சதவீதம். நகரங்களில் இது கிட்டத்தட்ட 90 சதவீதம், கிராமங்களில் 43 சதவீதம். இணைப்பு இருப்பது வேறு, அதில் சமைப்பது வேறு என்பதுதான் சிக்கல். உஜ்வலா குடும்பங்கள் 2019-20இல் ஆண்டுக்கு சராசரியாக வாங்கிய சிலிண்டர் மூன்றுதான். டீக்கும் விருந்தாளிக்கும் கேஸ். ரொட்டிக்கும் வெந்நீருக்கும் விறகும் வறட்டியும்.

நோயாளி உள்ள வீட்டில் இந்த இரட்டை ஏற்பாடு ஆபத்தானது. பாதி நாள் விறகு எரிந்தாலும் வீட்டுக் காற்று பாழ்தான். அடுப்பை முற்றத்துக்கு மாற்றினால் கொஞ்சம் குறையும். ஆனால் புகை கதவு வழியாகத் திரும்பி வரும். பக்கத்து வீட்டுப் புகையும் துணைக்கு வரும். முழு சமையலும் கேஸுக்கோ மின்சார அடுப்புக்கோ மாறினால்தான் பலன். குடும்பச் செலவில் இது மருந்துச் செலவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தொகை. ஒரு முறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவு, ஒரு வருடத்து சிலிண்டர் செலவைச் சுலபமாக மிஞ்சிவிடும்.

கேஸ் இருக்கும் வீட்டிலும் அடுப்படி அப்பாவி இல்லை. சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடு வருகிறது. இது மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் வாயு. தாளிப்பதும் பொரிப்பதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளைக் கிளப்புகின்றன. மிளகாய் வற்றலின் நெடியில் ஆரோக்கியமானவர்களே தும்மித் தீர்க்கிறார்கள். இண்டக்ஷன் அடுப்பில் சுடர் இல்லாததால் வாயுத் தொல்லை இல்லை. ஆனால் அதன் மீது வைத்த எண்ணெயும் புகையத்தான் செய்யும். தாளிக்கும்போது நோயாளியை அடுப்படியிலிருந்து தள்ளி உட்கார வைத்து, இடையிலுள்ள கதவைச் சாத்துவது காசு செலவில்லாத பாதுகாப்பு.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் பலன் தெரியாத வீடுகள் அதிகம். காரணம் எளிது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியிருந்தால்தான் விசிறிக்கு வேலை. அடுப்புக்கு மேலே, கூரைக்கு அருகே விசிறி. அதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு கை அகலமாவது திறந்த ஜன்னல். சமைக்கத் தொடங்குவதற்கு முன்பே போட்டு, முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். பிசுக்கேறிய இறக்கை பாதி காற்றைத்தான் தள்ளும். மாதம் ஒரு முறை துடைப்பது அவசியம். குழாய் வைத்துப் புகையை வெளியே அனுப்பும் சிம்னி நல்லது. குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு வாயுவை அறைக்கே திருப்பி அனுப்பிவிடும்.

சுருளும் பத்தியும்

அடுப்புக்கு அடுத்த குற்றவாளிகளை யாரும் குற்றவாளிகளாக நினைப்பதில்லை. கொசுவர்த்திச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய, சீனச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியான ஒரு ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடிக்கையில் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று கண்டது. சிகரெட் பக்கமே போகாத மூதாட்டி, சுருள் எரியும் அடைத்த அறையில் எட்டு மணி நேரம் உறங்குகிறார். கொசுவும் வேண்டாம், டெங்குவும் வேண்டாம் என்பது நியாயமான கவலைதான். அதற்குப் பழைய பதில் இருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பிவலை, கட்டிலுக்குக் கொசுவலை, வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. பிளக்கில் செருகும் திரவ மருந்து புகை விடாது என்றாலும், அதன் வாசனையே சில நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டாலும், படுக்கப் போவதற்கு முன் போட்டு, படுக்கும்போது அணைத்துவிடுவது மேல்.

ஊதுபத்தி விஷயம் இன்னும் நுட்பமானது. அது பக்தியோடு சம்பந்தப்பட்டது. ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் வரும் துகள், ஒரு கிராம் சிகரெட் எரிந்து வருவதைவிடப் பல மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. தூபம், சாம்பிராணி, கற்பூரம் எதுவும் விதிவிலக்கல்ல. இருமல் போக சாம்பிராணி போடும் வழக்கமுள்ள வீடுகளில் வைத்தியமே நோயாகிவிடுகிறது. பூஜையை நிறுத்தும்படி எந்த டாக்டரும் சொல்வதில்லை. பூவும் நெய் விளக்கும் போதும். பத்தி வைத்தே ஆகவேண்டுமென்றால் அதை வாசல் துளசி மாடத்திலோ பால்கனியிலோ வைக்கலாம். வீட்டுப் பெரியவரே நோயாளியாக இருக்கும்போது இந்த மாற்றத்தை மருமகள் சொன்னால் எடுபடாது. டாக்டர் வாயால் சொல்லவைப்பது பலன் தரும்.

சிகரெட்டுக்குச் சமரசமே இல்லை. ஜன்னலோரம் நின்று புகைப்பதும், கழிவறைக்குள் புகைப்பதும் கண்துடைப்பு. புகை கதவிடுக்கு வழியாக வீடு முழுக்கப் போகும். திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிந்த வாசனை நாள் கணக்கில் நிற்கும். நோயாளி தானே புகைப்பவராக இருந்தால் மற்ற எல்லா ஏற்பாடுகளும் வீண். நோயின் வேகத்தைக் குறைப்பதில் புகையை விடுவதற்கு ஈடாக இதுவரை எந்த மருந்தும் வரவில்லை.

தீபாவளியும் ஒரு தனி அத்தியாயம். புணேயில் 2016இல் பிரபலமான பட்டாசுகளைக் கொளுத்திப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், மிக அதிகமான நுண்துகளை விட்டது சத்தமே போடாத பாம்பு மாத்திரை என்று கண்டார்கள். குழந்தைகள் அதை வீட்டுத் தரையிலும் வாசற்படியிலும் வைத்துத்தான் கொளுத்துகிறார்கள்.

எப்போது திறப்பது, எப்போது அடைப்பது

புகையின் மூலத்தை நிறுத்திய பிறகு வரும் கேள்வி ஜன்னல். எப்போதும் அடைத்து வைப்பதும் தவறு, எப்போதும் திறந்து வைப்பதும் தவறு. வட இந்தியக் குளிர்காலத்தில் இரவிலும் விடியற்காலையிலும் மாசு தரையோடு அமுங்கிக் கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடாகும்போதுதான் காற்று மேலெழுந்து மாசு கலைகிறது. ஆகவே பிற்பகலில், தெருவைப் பார்க்காத பக்கத்து ஜன்னல்களை அரை மணி நேரம் எதிரெதிராகத் திறந்துவிடுவது நல்லது. அதிகாலை நடைப்பயிற்சியும் இதே காரணத்துக்காகக் குளிர்காலத்தில் நோயாளிக்கு ஆகாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பகுதிவாரியான குறியீட்டெண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்த எண்ணைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பி.எம். 2.5 என்பது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள துகள். மூக்கின் வடிகட்டலைத் தாண்டி நுரையீரலின் அடியாழம்வரை போகக்கூடியது. இந்தியத் தர நிர்ணயப்படி 24 மணி நேர சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்போ 15. குறியீட்டெண் 100க்குள் இருந்தால் 'திருப்தி' என்று காட்டப்படும். அது நோயாளிக்கும் திருப்தியாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

குளிருக்கு அடைத்த அறையில் கரி அங்கீட்டி வைப்பது மாசையும் தாண்டிய ஆபத்து. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு, தூங்குபவர்களை எழவே விடாது. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிக் குடும்பத்தோடு மாண்டவர்கள் பற்றிய செய்தி வருகிறது. ஏ.சி. போட்டால் வெளிக்காற்று வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அதன் வலை பஞ்சையும் தூசியையும் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது.

ஈரமும் இறகும்

கோடையிலும் மழைக்காலத்திலும் பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவமனைகளில் நுரையீரல் திசு தடித்துப்போகும் நோய் கண்ட 1,084 பேரைப் பதிவு செய்த ஆய்வு 2017இல் வெளியானது. மேலை நாடுகளில் அரிதாக இருக்கும் ஒவ்வாமை அழற்சி வகை, இங்கே 47 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர்கூலர் உபயோகித்தவர்கள். ஐந்தில் ஒருவருக்குப் பறவைகளோடு சம்பந்தம். இது சி.ஓ.பி.டி.யிலிருந்து வேறுபட்ட நோய் என்றாலும், பாடம் எல்லா நுரையீரல் நோயாளிகளுக்கும் பொருந்தும்.

கூலர் தொட்டியில் வாரக்கணக்கில் நிற்கும் தண்ணீரிலும் அதன் வைக்கோல் தட்டியிலும் பூஞ்சை வளரும். விசிறி அதன் நுண்விதைகளை நேராக முகத்தில் வீசும். நோயாளியின் அறையில் கூலர் வேண்டாம். வேறு வழியில்லையென்றால் வாரந்தோறும் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவைத்து, ஒவ்வொரு கோடைக்கும் புதுத் தட்டி போட வேண்டும். மும்பை போன்ற கடலோர நகரங்களில் மழைக்குச் சுவரில் ஓதம் ஏறிக் கறுப்புப் படை பூக்கும். அதன் மீது வெள்ளையடிப்பது மறைப்பதாகும். ஒழுகும் குழாயையோ மேல்தளத்தையோ சரிசெய்யாமல் பூஞ்சை போகாது. ஈரத் துணியை அறைக்குள் உலர்த்துவதும் இதற்கு உரம்.

புறா விஷயத்தில் மும்பையில் மதமும் மருத்துவமும் மோதிக்கொண்டதை 2025இல் நாடே பார்த்தது. தாதரிலுள்ள புகழ்பெற்ற கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியபோது எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம்வரை போனது. பொது இடத்தில் எது சரி என்பது விவாதத்துக்குரியது. நோயாளியின் ஜன்னலோரத்தில் விவாதமில்லை. ஏ.சி. பெட்டியின் மேல் கூடு கட்ட விடாமல் வலை அடிக்க வேண்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகமூடி அணிந்த வேறொருவர் துடைக்க வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் இதே விதி. வறண்ட விளக்குமாறு தூசியை ஓரிடத்திலிருந்து எடுத்துக் காற்றில் போடுகிறது. ஈரத் துணியால் துடைப்பது அதை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறது. பினாயில், ஆசிட், வாசனை ஸ்பிரே, பாச்சை உருண்டை எல்லாம் நோயாளியின் மூக்கிலிருந்து தூரத்தில் இருப்பதே நல்லது. ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சோப்புத் தண்ணீரே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

கடைசியில் வரவேண்டிய இயந்திரம்

இத்தனைக்கும் பிறகுதான் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் முறை. அது வீண் ஆடம்பரமா? இல்லை என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், புகைப்பதை விட்டுவிட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகள் 116 பேரில் பாதிப் பேருக்கு நிஜ இயந்திரமும், மீதிப் பேருக்கு வடிகட்டி இல்லாத போலி இயந்திரமும் கொடுத்து, ஆறு மாதம் கவனித்தார்கள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. 2022இல் வெளியான முடிவு கலவையானது. ஒட்டுமொத்த வாழ்க்கைத் தர மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நிஜ இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இருமல், இரைப்பு போன்ற தொல்லைகள் குறைந்தன. நடுத்தரத் தீவிரமுள்ள தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்காகின. நாளின் பெரும்பகுதி ஓடவிட்டவர்களுக்கே அதிகப் பலன். புகைப்பவர் இல்லாத வீட்டில், ஓயாமல் ஓடினால் உதவும் என்பதே இதன் சாரம்.

வாங்குவதாக இருந்தால் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, நிஜமான ஹெப்பா வடிகட்டி; 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கவல்லது. மற்றொன்று, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பதைச் சொல்லும் சி.ஏ.டி.ஆர். எண். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 41 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவையாவது முழுக் காற்றும் வடிகட்டப்பட வேண்டுமென்றால் 200க்கு மேல் எண் தேவை. பெட்டியில் அச்சிட்டிருப்பது முழு வேகத்தில் கிடைக்கும் எண். அந்த வேகத்தில் சத்தம் தூங்கவிடாது. ஆகவே தேவைக்கு ஒன்றரை மடங்கு பெரிதாக வாங்கி, மெதுவாக ஓடவிடுவது புத்திசாலித்தனம். ஓசோன் விடும் வகைகளை அறவே தவிர்க்க வேண்டும். ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சல். 50 வாட் இயந்திரம் நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட் மின்சாரம். அதைவிட வடிகட்டியை மாற்றும் செலவுதான் பெரிது. தில்லிக் காற்றில் அது சீக்கிரமே கறுத்துவிடும். எல்லா அறைக்கும் வாங்க முடியாத குடும்பம், நோயாளி உறங்கும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்தி வைத்தால் போதும்.

தொட்டிச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை, 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அடைத்த பெட்டிகளில் நடத்திய சோதனையிலிருந்து பிறந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பின்னர் போட்ட கணக்கின்படி, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவைப்படும். அழகுக்கு வைக்கலாம், நோயாளியின் தலைமாட்டில் ஈர மண் தொட்டி வேண்டாம்.

ஆக்ஸிஜன் வந்த பிறகு

நோய் முற்றி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் கான்சன்ட்ரேட்டர் எழுதிக்கொடுக்கிறார்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு இது நடுத்தரக் குடும்பங்களுக்கும் பரிச்சயமான கருவியாகிவிட்டது. ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் எதையும் வெறியோடு எரியவைக்கும். மூக்கில் குழாயோடு சிகரெட் பற்றவைப்பதும், கேஸ் அடுப்பருகே நிற்பதும், பூஜை விளக்கின் முன் குனிவதும் முகத்தையே பொசுக்கிவிடக்கூடும். நெருப்புக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது பத்தடி தூரம் வேண்டும். தலையணை, போர்வையில் ஊறிய ஆக்ஸிஜன் கருவியை அணைத்த பிறகும் சற்று நேரம் தங்கியிருக்கும். கருவியைச் சுவரோடும் திரைச்சீலையோடும் ஒட்டி வைக்காமல், தூசு வலையை வாரம் ஒரு முறை கழுவி உலர்த்தி மாட்ட வேண்டும்.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை நோயாளியின் கையில் இல்லை. படுக்கையில் இருப்பவர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட முடியாது. மகனின் சிகரெட்டைப் பிடுங்க முடியாது. நோயாளி பெண்ணாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இரைக்க இரைக்க அவரேதான் தாளிக்கிறார், பெருக்குகிறார், கூலருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அந்த வீட்டில் முதல் சிகிச்சை, கரண்டியையும் விளக்குமாறையும் இன்னொருவர் வாங்கிக்கொள்வது. தில்லியின் வானத்தைச் சரிசெய்ய அரசுகள் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இரவுக்குச் சுருள் ஏற்றாமல் கொசுவலை கட்ட ஒரு மாலைப்பொழுது போதும்.

ஒரு வாரத்தில் செய்யக்கூடியவை

- முதல் நாள்: நோயாளியின் அறையிலிருந்து கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, வாசனை ஸ்பிரே, பாச்சை உருண்டையை அப்புறப்படுத்துங்கள். கொசுவலை கட்டுங்கள்.
- இரண்டாம் நாள்: எக்ஸாஸ்ட் ஃபேனின் பிசுக்கைத் துடையுங்கள். அது ஓடும்போது எந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.
- மூன்றாம் நாள்: வீட்டுக்குள் யாரும், எந்த அறையிலும் புகைபிடிப்பதில்லை என்று குடும்பத்தோடு பேசி முடியுங்கள்.
- நான்காம் நாள்: மெத்தை, தலையணையை வெயிலில் காயவையுங்கள், போர்வை, திரைச்சீலையை வெந்நீரில் துவையுங்கள். உதறுகிற வேலை நோயாளிக்கு வேண்டாம்.
- ஐந்தாம் நாள்: ஓதம், பூஞ்சை, ஒழுகல், புறாக்கூடு எங்கெங்கே என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கூலரைக் காலி செய்யுங்கள்.
- ஆறாம் நாள்: பெருக்குவதற்குப் பதில் ஈரத் துணியால் துடைக்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் நோயாளி வேறு அறையில் இருக்கட்டும்.
- ஏழாம் நாள்: மூச்சு எப்போது, எந்த வேலையின்போது கூடுகிறது என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள். அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். காற்று நன்றாகிவிட்டது என்பதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.